ஊர் போராட்ட குரூப்புல பேசுறது எல்லாம் வெளிய போவுது, போனை எப்படி பத்திரமா வச்சிக்கிட?

பனங்காட்டு_பய கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். நான் ராதாபுரம் தாலுகா பக்கம், ஊர் பேரு வேண்டாம், ஏன்னு கீழ படிச்சா தெரியும். ஊரை ஒட்டி ஒரு கல்குவாரி ஓடுது, பர்மிஷன் குடுத்த ஆழத்தை எப்பவோ தாண்டிட்டாவ, வெடி வச்சா வீட்டுச் செவுரு விரிசல் விடுது, ராத்திரி பூரா டாரஸ் லாரி, கெணத்துல தண்ணி கீழ போயிட்டு. நாங்க கொஞ்சம் பேரு சேந்து மனு குடுக்கோம், ஆர்டிஐ போடுதோம், பசுமைத் தீர்ப்பாயத்துக்கு போவலாமான்னும் பேசிக்கிட்டு இருக்கோம். எல்லாப் பேச்சும் ஒரே வாட்ஸ்அப் குரூப்புலதான், நூறு பேருக்கு மேல இருக்காவ.

ஒரு திங்கக்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசுக்கு மனு குடுக்க போறதா முந்துன நாள் ராத்திரி குரூப்புல பேசுனோம், யார் யாரு வாரா, வேன் எங்கன நிக்கும்னு. விடியுமுன்ன வேன்காரருக்கு போன் போயிருக்கு, இந்த சவாரி வேண்டாம்னு. அவரு வரல. அதைக்கூட விடுங்க. எங்களுக்கு வேண்டப்பட்ட லாரி டிரைவரு ஒருத்தரு, ஒரே நடைச்சீட்டை, அதான் ஒரு நடை லோடுக்கு குடுக்கிற பர்மிட் சீட்டு, வச்சி நாலஞ்சி நடை ஓட்டுதாவன்னு சீட்டை போட்டோ எடுத்து எங்க பயல் ஒருத்தனுக்கு அனுப்புனாரு. அவன் ஆர்வத்துல அப்படியே குரூப்புல தட்டிவிட்டுட்டான். அந்த வாரமே டிரைவருக்கு வேலை போச்சு.

இப்பம் ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுதாவ. ஒருத்தரு டெலிகிராம் போங்காரு, ஒருத்தரு சிக்னல்ங்காரு, இன்னொருத்தரு பெகாசஸ்னு உளவு சாஃப்ட்வேரை போன்ல போட்டு கேக்கான், எதுல போனாலும் ஒண்ணுதான்னு பயங்காட்டுதாரு. நெசமா எதை செய்ய, எதை விட? வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

கடனாநதி:

தம்பி, மொதல்ல பெகாசஸை ஒரு ஓரமா வையி. அது பொய்யில்ல. 2019-ல வாட்ஸ்அப்பே சொல்லிச்சு, சுமார் 1,400 பேரு போனுல அதை ஏத்தப் பாத்தாவன்னு, அதுல நம்ம நாட்டு ஆட்களும் உண்டு. 2021-ல பெரிய பிரச்சினையாகி சுப்ரீம் கோர்ட்டு கமிட்டி போட்டு, 29 போனை பாத்ததுல 5 போன்ல ஏதோ கெட்ட சாஃப்ட்வேர் இருக்கு, ஆனா அது பெகாசஸ்தானான்னு உறுதியா சொல்ல முடியலன்னு அறிக்கை வந்துது. ஆனா அது நாடுகளுக்கு விக்கிற சரக்கு, கோடிக்கணக்குல காசு. ஒங்க ஊரு குவாரிக்காரன் அதை வாங்கி ஒங்க வேன் எங்கன நிக்குன்னு கண்டுபிடிக்கல. குரூப்புல இருக்க ஒருத்தன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பியிருக்கான், சோலி முடிஞ்சிது.

அதனாலதான் எந்த ஆப்புன்னு கேக்கதுக்கு முந்தி யாருகிட்ட இருந்து எதை மறைக்கோம்னு கேளு. ஒங்களுக்கு எதிர்ல குவாரிக்காரன் இருக்கான், அவனுக்கு வேண்டிய ஊர்க்காரன் இருக்கான், தாலுகா ஆபீஸ்ல காதைக் குடுத்துட்டு இருக்கவன் இருக்கான், நாளைக்கு கேஸுன்னு வந்தா ஸ்டேஷனும் வரும். ஒவ்வொருத்தனுக்கும் ஒரு வழி. மொதல் மூணு பேரும் ஆளை வச்சித்தான் கேப்பான், ஸ்டேஷன் போனையே வாங்கி வச்சிக்கிடும், கால் டீட்டெயில் எடுக்கும். வாட்ஸ்அப்ல 2016-ல இருந்தே மெசேஜ் முழுக்க பூட்டித்தான் போவுது, நடுவுல எவனும் படிக்க முடியாது. நூறு பேரையும் சிக்னலுக்கு கூட்டிட்டுப் போனா உளவு சொல்லுத பயலும் கூடவே சிக்னலுக்கு வந்துருவான், அம்புட்டுதான்.

நான் செய்யச் சொல்லுதது இது. பெரிய குரூப்பை கலைக்காதீங்க, அது இருக்கட்டும், ஆனா அதுல போடுததை குவாரி ஆபீஸ் செவுத்துல ஒட்டுனாலும் பரவாயில்லன்னா மட்டும் போடுங்க. கூட்டம் எப்ப, மனு குடுத்தாச்சா, பேப்பர்ல வந்த செய்தி, இதெல்லாம். யாரு போறா, எதுல போறா, யாரு தகவல் தந்தா, இது அஞ்சாறு பேரு இருக்க சின்ன குரூப்புல, அதை மட்டும் சிக்னல்ல வைங்க, மெசேஜ் தானா மறையுத மாதிரி ஒரு வாரம்னு செட் பண்ணிக்கிடுங்க. டிரைவரு மாதிரி ஆளோட பேரு எந்த குரூப்புலயும் வரக்கூடாது. நேர்ல பேசுங்க, ஒருத்தருக்கு தெரிஞ்சா போதும்.

சிக்னல் ஏன்னா, அவங்ககிட்டயே ஒண்ணும் இருக்காது. 2016-ல அமெரிக்கால ஒரு கோர்ட்டு கேட்டப்போ அவங்களால குடுக்க முடிஞ்சது கணக்கு தொடங்குன நாளும் கடைசியா கனெக்ட் ஆன நாளும் மட்டுந்தான். 2024-ல இருந்து யூசர்நேமும் வந்துட்டு, ஒரு ஆளை குரூப்புல சேக்க நம்பரை காட்டணும்னு இல்ல. பதியதுக்கு மட்டும் நம்பர் வேணும்.

டெலிகிராம் ஆசாமிகிட்ட சொல்லிருங்க, டெலிகிராம் குரூப் எதுவும் முழுப் பூட்டு கெடையாது, சீக்ரெட் சாட்னு தனியா தொறந்தாதான் உண்டு, அதுவும் ரெண்டு பேருக்கு இடையில மட்டும். மத்ததெல்லாம் அவங்க சர்வர்ல அவங்களே படிக்க முடியுத மாதிரி கெடக்கு. 2024-ல அதோட தலைவரை பிரான்ஸ்ல கைது பண்ணதுக்குப் பொறவு முறையா கேட்டா நம்பரும் ஐபி அட்ரஸும் குடுப்போம்னு கொள்கையையே மாத்திட்டாவ. சினிமா எறக்க வேணும்னா நல்லாருக்கும்.

அப்புறம் அந்த நடைச்சீட்டு. அதுல சீரியல் நம்பர், வண்டி நம்பர், நேரம் எல்லாம் இருக்குல்லா? அதைப் பாத்த ஒரு நிமிஷத்துல எந்த டிரைவர் கையில இருந்த சீட்டுன்னு குவாரி கணக்குப்பிள்ளைக்கு தெரிஞ்சிரும். போட்டோவை வெளிய விடணும்னா நம்பர் இருக்க பக்கத்தை வெட்டியே எடுத்துரு. சில பேரு போன்லயே ஹைலைட்டர் பேனாவ வச்சி கருப்பா கிறுக்குவான், அது பாதி தெரியும், வெளிச்சத்தை ஏத்தி எறக்குனா அடியில உள்ளது தெரிஞ்சி போவும். முழுக் கருப்புக் கட்டமா போட்டு, பொறவு அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அந்த ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் அனுப்பு. விரல், கைக்கடியாரம், லாரி டேஷ்போர்டுல ஒட்டியிருக்க சாமி படம், இதுகூட ஆளைக் காட்டிக் குடுக்கும், பாத்துக்கோ.

ஜிபிஎஸ் மேப் கேமரான்னு ஒரு ஆப்பு எல்லாரும் வச்சிருக்கியளே, படத்துக்கு அடியில எடம், நேரம், அட்சரேகை எல்லாம் அச்சடிக்குமே, அது குவாரி குழியை எடுக்கும்போது சரி. ஒங்க வீட்டு மாடியில நின்னு லாரியை எடுத்து அதை குரூப்புல போட்டா வீட்டு அட்ரஸை நீங்களே எழுதிக் குடுத்த கணக்கு.

---

பேட்டை_அண்ணாச்சி:

கடனாநதி சொன்னதுல வெவரம் இருக்கு, இல்லங்கல. ஆனா எனக்கு ஒரு எதிர்ப்பேச்சு உண்டு வே. ஊருக்காவ நிக்கவன் எதுக்கு ஒளிஞ்சி நிக்கணும்? கூடங்குளம் அணு உலைக்கு எதிரா இடிந்தகரையில 2011, 2012-ல அந்த சனம் பந்தல் போட்டு எல்லாருக்கும் தெரியத்தான் உக்காந்துது. ஆயிரக்கணக்கான பேரு மேல கேஸு, தேசத்துரோகம்னு கூட போட்டாவ. அன்னைக்கு எவன் கையில சிக்னல் இருந்துது? ஊரே தெரிஞ்சி ஊரே நின்னுது, அதான் பலம்.

இன்னொண்ணு. எவன் ஸ்கிரீன்ஷாட் எடுத்தான்னு தேட ஆரம்பிச்சிட்டா அன்னையோட போராட்டம் முடிஞ்சிரும். இவன் மேல அவனுக்கு சந்தேகம், அவன் மச்சான் குவாரியில வேல பாக்கான், இவன் சித்தப்பன் பஞ்சாயத்துல இருக்கான்னு ஆளுக்கொரு மூலையா பிரிஞ்சிருவாவ. நான் பாத்திருக்கேன், குவாரிக்காரன் செய்ய முடியாததை நம்ம சந்தேகமே செஞ்சிரும். அந்த குரூப்பு ஸ்கிரீன்ஷாட் விசயத்தை தேடவே தேடாதீங்க, கடனாநதி சொன்ன மாதிரி பேச்சை பிரிச்சி வச்சிட்டுப் போங்க.

ரகசியம் எதுக்குன்னா அந்த டிரைவர் மாதிரி ஆளுக்கு மட்டும். அவன் பொழப்பு குவாரிக்காரன் கையில. ஊர்ல நாலு காணி வெவசாயம் உள்ளவன், பென்ஷன் வாங்குதவன், என்னை மாதிரி பல்லு போனவன், எங்க பேரை முன்னால போடுங்க. மனுவுல மொதல் கையெழுத்து எப்பவும் கெழவன் கையெழுத்தா இருக்கணும். எளவட்டப் பயலுவ போன் நம்பரு ஏன் மனுவுல இருக்கு? அந்த மனு கலெக்டர் ஆபீஸ்ல இருந்து எங்க போவுதுன்னு நெனைக்கிய? தாசில்தாருக்கு, அங்கன இருந்து ஆர்ஐ, ஆர்ஐகிட்ட இருந்து விஏஓ, "விசாரித்து அறிக்கை தருக"ன்னு. விஏஓ ஆபீஸ் மேசையில ஒங்க பேரு, அட்ரஸ், நம்பரோட கெடக்கும், வாரவன் போறவன் எல்லாம் பாப்பான். போனை பூட்டிட்டு பேப்பரை தொறந்து போட்டா என்ன புண்ணியம்?

---

முக்கூடல்_அக்கா:

அண்ணாச்சி, நீங்க சொன்னது ஆம்பளையளுக்கு சரி. நான் பீடி சுத்துத பொம்பளையளோட சங்கத்துல வேல பாக்கவ, எங்க பாடு வேற.

ஒரு பொம்பள நம்பரு நூறு பேரு இருக்க குரூப்புல கெடந்தா என்ன ஆவும் தெரியுமா? ராத்திரி பதினொரு மணிக்கு மிஸ்டு கால் வரும், வீடியோ கால் வரும், டிபில இருக்க போட்டோவை எடுத்து அசிங்கமா மாத்தி அவ வீட்டுக்காரருக்கே அனுப்புவான். அடுத்த கூட்டத்துக்கு அவ வர மாட்டா. அவ பயந்தா கூட பரவால்ல, அவ மாமியா விட மாட்டா. எங்க சங்கத்துலயே நல்லா பேசுத ஒரு பிள்ளை இப்படித்தான் நின்னு போச்சு. குவாரிக்காரனுக்கு இதைவிட சுலபமான வழி ஒண்ணு உண்டுமா?

அதனால எங்க ஆளுவளுக்கு நான் செய்யச் சொன்னதை சொல்லுதேன். வாட்ஸ்அப்ல பிரைவசிக்குள்ள போயி டிபி, லாஸ்ட் சீன், ஸ்டேட்டஸ் மூணையும் "நம்ம கான்டாக்டுக்கு மட்டும்"னு வைக்கணும், குரூப்புல யாரு நம்மளை சேக்கலாம்ங்கதையும் அப்படியே. தெரியாத நம்பர் கால் சத்தமே வராம ஆக்க ஒரு பட்டன் இருக்கு, 2023-ல வந்தது, அதைப் போட்டதுமே பாதி தொல்ல நின்னுட்டு. பெரிய குரூப்பை கம்யூனிட்டியா மாத்தி அறிவிப்பு குரூப்பு மட்டும் வச்சா அட்மின் தவிர மத்தவங்க நம்பரு ஒருத்தருக்கொருத்தர் தெரியாது. தம்பி, ஒங்க நூறு பேரு குரூப்பை மொதல்ல அப்படி மாத்துங்க.

இன்னொண்ணு, வெவரம் தெரிஞ்சவங்க எல்லாம் போன்னா ஒரு ஆளுக்கு ஒண்ணுன்னு நெனைச்சே பேசுதிய. எங்க பக்கம் வீட்டுக்கு ஒரு போனு. தட்டை மடியில வச்சி இலை சுருட்டும்போது கை ரெண்டும் புகையிலையா இருக்கும், போனைத் தொட முடியாது, மெசேஜ் வந்தா மவன்தான் படிச்சி சொல்லுவான், அவன் கேம் ஏத்துவான், அவன் கூட்டாளி ஏத்துவான். கல்யாண பத்திரிகைன்னு ஒரு ஃபைல் வரும், பிஎம் கிசான் பணம்னு வரும், ஆர்டிஓ ஃபைன்னு வரும், தட்டுனா ஏதோ ஆப்பு ஏறிரும், பொறவு எஸ்எம்எஸ் எல்லாம் அவன் கைக்கு போயிரும், பேங்க்ல இருக்கதும் போயிரும். பேருக்கு கடைசியில ஏபிகேன்னு இருந்தா தொடாதன்னு பிள்ளைகளுக்குத்தான் மொதல்ல சொல்லிக் குடுத்தோம், தாய்மாருக்கு அப்புறம். பணம் போச்சின்னா அந்தானைக்கு 1930-ங்க சைபர் கிரைம் நம்பருக்கு அடிக்கணும், மறுநாள் பாப்போம்னு இருந்தா கெடைக்காது.

கடன் ஆப்பும் அப்படித்தான். குழுக் கடன் கட்ட முடியாம அவசரத்துக்கு அதை ஏத்துவாளுவ, அது கான்டாக்ட் லிஸ்டை பூரா உருவிக்கும். ரிசர்வ் பேங்கு 2022-லயே கான்டாக்டை, போட்டோவை எடுக்கக் கூடாதுன்னு சொல்லியாச்சு, ஆனா சொன்ன பேச்சை கேக்கிற ஆப்பா அதெல்லாம். ஒருத்தி போனுல அது இருந்தா நம்ம எல்லாரு நம்பரும் எவன் கையிலயோ இருக்குன்னு அர்த்தம்.

---

பனங்காட்டு_பய:

ரொம்ப நன்றி எல்லாருக்கும். அக்கா, கம்யூனிட்டி விசயம் எங்களுக்கு தெரியவே தெரியாது, இன்னைக்கே மாத்துதோம்.

அண்ணாச்சி சொன்ன மனு விசயம் நெசம், விஏஓ ஆபீஸ்ல என் நம்பரை படிச்சி காட்டுனான் ஒருத்தன்.

இன்னும் ரெண்டு கேள்வி. நாங்க மனு, ஆர்டிஐ எல்லாம் டைப் பண்ணுதது பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில, பிரிண்ட் எடுக்கணும்னா அங்க உள்ள கம்ப்யூட்டர்ல வாட்ஸ்அப் வெப் போட்டுத்தான் ஃபைலை எறக்குவோம், அது பிரச்சினையா? ரெண்டாவது, ஸ்டேஷன்ல கூப்பிட்டு போனை குடுன்னு கேட்டா குடுத்துத்தான் ஆவணுமா? எங்க பயலுவ அதுக்குத்தான் அதிகமா பயப்படுதானுவ.

---

கடனாநதி:

ஜெராக்ஸ் கடையா. தம்பி, ஒங்க ஓட்டை அங்கனதான் இருக்குன்னு நெனைக்கேன். இப்பமே வாட்ஸ்அப் தொற, மூணு புள்ளியத் தட்டுனா லிங்க்ட் டிவைசஸ்னு இருக்கும், அதுல குரோம், விண்டோஸ்னு எத்தனை கெடக்குன்னு பாரு. ஒவ்வொண்ணையும் லாக்அவுட் பண்ணு. கியூஆர் ஸ்கேன் பண்ணி எறக்கிட்டு வந்தா அந்த கம்ப்யூட்டர்ல உன் வாட்ஸ்அப் அப்படியே தொறந்துதான் கெடக்கும், போன் உன் பையில இருந்தாலும் அடுத்து உக்காருதவன் படிக்கலாம். கடைக்காரர் நல்லவராவே இருக்கட்டும், அவரு கடையிலதான குவாரிக்காரனும் டெண்டர் பேப்பர் பிரிண்ட் எடுக்கான்?

பென்டிரைவ்ல கொண்டு போ, ஆனா அதுல மனு ஃபைல் மட்டும் இருக்கணும், ஏன்னா கடை கம்ப்யூட்டர்ல இருந்து வைரஸ் கண்டிப்பா வரும், அதை திரும்ப வீட்டு லேப்டாப்ல சொருகாத. கடை நம்பருக்கு வாட்ஸ்அப்ல அனுப்புனா அது அவரு போன்ல நிக்கும். ஆதார் ஜெராக்ஸ் வேணும்னா மாஸ்க் பண்ண ஆதாரை எறக்கிக்கோ, கடைசி நாலு நம்பர்தான் தெரியும். ஒரு பழைய பிரிண்டரை நாலு பேரு காசு போட்டு வாங்கிட்டா இந்த தொல்லையே இல்ல, நான் சொல்லுத அம்புட்டு ஆப்பையும் விட அது பிரயோசனம்.

அடுத்து பேக்கப். வாட்ஸ்அப் மெசேஜ் போறப்போ பூட்டித்தான் போவுதுன்னு சொன்னேம்லா, ஆனா தினமும் ராத்திரி கூகுள் டிரைவ்ல பேக்கப் ஆவுதே, அது தானா பூட்டாது. முன்வாசல்ல திண்டுக்கல் பூட்டைப் போட்டுட்டு பொறவாசலை தொறந்து வச்ச கதை. 2021-ல இருந்து பேக்கப்பையும் பூட்ட வழி இருக்கு, சாட் பேக்கப்புக்குள்ள போனா கேக்கும், பாஸ்வேர்டு போடணும், மறந்தா வாட்ஸ்அப்பாலயும் எடுத்துத் தர முடியாது, அதனால வீட்டுல ஒரு பேப்பர்ல எழுதி வை. ஒரு ஆளு மட்டும் பூட்டி பிரயோசனமில்ல, குரூப்புல எவன் பேக்கப் தொறந்து கெடந்தாலும் எல்லாரு பேச்சும் அதுல உண்டு. கூடவே ரெண்டடுக்கு பின் நம்பரும் போட்டுரு, ஓடிபியை ஏமாத்தி வாங்குனாலும் கணக்கை தூக்க முடியாது.

நம்ம ஜில்லாக் கதை ஒண்ணு. 2019-ல கூடங்குளம் அணுமின் நிலையத்துல மால்வேர் புகுந்துட்டுன்னு செய்தி வந்துது. மொத நாளு அப்படி நடக்கவே முடியாதுன்னு அறிக்கை, மறுநாள் அக்டோபர் 30-ந்தேதி அணுமின் கழகமே ஒத்துக்கிட்டுது. அணு உலையை ஓட்டுத நெட்வொர்க்குல இல்ல, நிர்வாக வேலைக்கு இன்டர்நெட்ல இணைச்சிருந்த ஒரு பிசியிலன்னு. அம்புட்டு காவல் உள்ள எடத்துலயே ஒத்த பிசி வழியாத்தான் வந்துருக்கு.

ஸ்டேஷன் விசயம் வக்கீலுதான் சொல்லணும். போன்ல செய்ய வேண்டியது மட்டும் நான் சொல்லுதேன். நாலு எழுத்து பின் வேண்டாம், ஆறுக்கு மேல போடு. மனு குடுக்க, மறியலுக்கு போறப்போ கைரேகை, மொகம் ரெண்டையும் அணைச்சிரு. ஆண்ட்ராய்டுல பவர் பட்டனை அழுத்துனா வார மெனுவுல பல போன்ல லாக்டவுன்னு ஒண்ணு உண்டு, அதைத் தட்டுனா பின் போடாம தொறக்காது. அதைவிட நல்லது, போனை அணைச்சிருதது. அணைச்சிட்டு திரும்ப போட்டு மொத தடவை பின் போடுத வரைக்கும் உள்ள இருக்கதெல்லாம் நல்லா பூட்டி இருக்கும், மிஷின் வச்சி உருவுததும் அப்பத்தான் கஷ்டம். அப்டேட் நின்னு போன பழைய போனை வச்சிக்கிட்டு சின்ன குரூப்புல இருக்கக் கூடாது, அதுல கறாரா இருங்க.

---

பாளை_வக்கீலு:

தம்பி, பொதுவா உள்ளதை சொல்லுதேன், ஒங்க கேஸுக்கு நேர்ல ஒரு வக்கீலை பாருங்க.

போனை பறிமுதல் பண்ண போலீசுக்கு அதிகாரம் உண்டு. ஆனா வாயால "குடுலே"ன்னு சொல்லி மேசை டிராயர்ல போட்டுக்கிடததுக்கு பேரு பறிமுதல் இல்ல. 2024 ஜூலை 1-ல இருந்து நடைமுறைக்கு வந்த புது குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல, அதான் பிஎன்எஸ்எஸ், 94-ம் பிரிவுல எழுத்து மூலமா கேட்டு வாங்கலாம், மின்னணு சாதனமும் அதுல வரும். சோதனை, பறிமுதல் செஞ்சா 105-ம் பிரிவுப்படி வீடியோ எடுத்தாவணும். நீங்க கேக்க வேண்டியது: எந்தக் குற்ற எண்ணு, சாட்சியா நிக்கது யாரு, மகஜர், அதான் என்ன எடுத்தாவன்னு எழுதுத பேப்பரு, அதோட நகல் எங்க. மகஜர்ல போன் மாடல், ஐஎம்இஐ நம்பர், அணைச்சி இருந்துதா ஆன்ல இருந்துதா, சிம்மு, மெமரி கார்டு உண்டுமா, எல்லாம் எழுதணும். ஹேஷ் வேல்யூ எடுக்கச் சொல்லி எழுதிக் குடுங்க, அது அந்த நேரத்துல போன்ல உள்ளதுக்கு எடுக்கிற கைரேகைன்னு வையுங்க, பொறவு ஒரு எழுத்து மாறுனாலும் காட்டிக் குடுத்துரும். புது சாட்சியச் சட்டம் 63-ம் பிரிவு சான்றிதழ்லயே ஹேஷ் கேக்காவ.

இது ஏன் முக்கியம்னா, பீமா கோரேகான் கேஸ் ஞாபகம் இருக்கா? திருச்சி மாவட்டத்துல பொறந்த பாதிரியார் ஸ்டேன் சுவாமி, 2020 அக்டோபர்ல கைது, 2021 ஜூலை 5-ந்தேதி காவல்ல இருக்கும்போதே எறந்துட்டாரு. அவரு கம்ப்யூட்டர்ல ஃபைலுகளை வெளிய இருந்து எவனோ உள்ள வச்சிருக்கான்னு குற்றம் சாட்டப்பட்டவங்க தரப்பு சார்புல ஆராய்ஞ்ச ஒரு அமெரிக்க ஃபாரன்சிக் கம்பெனி 2022 டிசம்பர்ல அறிக்கை குடுத்துது. உள்ள இருக்கதை எடுக்கதுன்னா மட்டும் பயப்பட்டா போதாது, இல்லாதது உள்ள வருதான்னும் பாக்கணும்.

பாஸ்வேர்டு சொல்லணுமான்னா, கோர்ட்டுகள் ஒரே மாதிரி சொல்லல. கர்நாடகா ஹைகோர்ட்டு 2021-ல ஒரு மாதிரி சொல்லிச்சு, 2022-ல டெல்லி சிபிஐ ஸ்பெஷல் கோர்ட்டு, குற்றம் சாட்டப்பட்டவரை பாஸ்வேர்டு சொல்லுன்னு கட்டாயப்படுத்த முடியாது, தனக்கெதிரா சாட்சி சொல்ல வைக்கக் கூடாதுங்க அரசியல் சாசனம் 20(3)ன்னு சொல்லிச்சு. கைரேகை வேற, 1961-லயே சுப்ரீம் கோர்ட்டு 11 நீதிபதி அமர்வு கைரேகை குடுக்கது தனக்கெதிரா சாட்சி சொல்லுததாகாதுன்னுட்டு. கடனாநதி கைரேகையை அணைக்கச் சொன்னதுக்கு இந்தக் காரணமும் உண்டு. வக்கீலுகிட்ட பேசிட்டு சொல்லுதேன்னு மரியாதையா சொல்லுங்க, வாக்குவாதம் வேண்டாம், பொய்யும் சொல்லாதீங்க.

ஒரு எச்சரிக்கை. மெசேஜ் தானா மறையுத மாதிரி முன்னாலயே வச்சிருக்கது தப்பில்ல. ஆனா சம்மன் வந்ததுக்குப் பொறவு, கேஸ் இருக்குன்னு தெரிஞ்சி உக்காந்து அழிச்சா அது சாட்சியத்தை அழிச்ச குத்தமாயிரும், புது தண்டனைச் சட்டம், அதான் பிஎன்எஸ், 241-ம் பிரிவு. பயலுவ பதட்டத்துல இதைத்தான் மொதல்ல செய்வானுவ.

அதே மாதிரி, குவாரி போட்டோவை எல்லாம் மறையுத குரூப்புல மட்டும் வச்சிட்டு தீர்ப்பாயத்துல வந்து நிக்காதீங்க. பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் 14-ம் பிரிவு மனுன்னா 6 மாசக் கெடு இருக்கு, ஒறிஜினல் படம் வேணும், தேதி நேரத்தோட. வாட்ஸ்அப்ல படமா அனுப்புனா உள்ள இருக்க எடம், நேரம் எல்லாம் போயிரும், தெளிவும் கொறஞ்சிரும், டாக்குமெண்டா அனுப்புனாதான் அப்படியே இருக்கும். ஒறிஜினலை எடுத்த போன்லயே வச்சி மெமரி கார்டுல ஒரு நகல் எடுத்து குரூப்புல இல்லாத ஒரு ஆளு வீட்டுல குடுத்து வைங்க. குரூப்புக்கு போறது கொறைச்ச படம், கோர்ட்டுக்கு போறது முழுப் படம். எங்கிட்ட வாரவங்க பாதி பேரு இதை மாத்தித்தான் செய்யாவ.

---

பேட்டை_அண்ணாச்சி:

வக்கீலே, கெழவனுக்கு ஒரு சந்தேகம். எங்கிட்ட பட்டன் போனுதான். அது இதெல்லாத்தையும் விட பத்திரம்னு ஊர்ல சொல்லுதானுவளே, நெசமா?

---

கடனாநதி:

அண்ணாச்சி, பாதி நெசம். ஏபிகே ஏறாது, பேக்கப் இல்ல, ஆனா நீங்க பேசுத கால், எஸ்எம்எஸ் ரெண்டுக்கும் பூட்டே கெடையாது. யாரு யாருகிட்ட எத்தனை நேரம் பேசுனா, எந்த டவர்ல இருந்துன்னு சிம் கம்பெனிக்காரன் ரெண்டு வருசம் வச்சிருக்கணும்னு விதி, போலீசு முறையா கேட்டா குடுப்பான். ஸ்மார்ட்போன்ல சிக்னல் கால் பேசுனா பேச்சும் தெரியாது, யாருகிட்டன்னும் அந்த லிஸ்ட்ல வராது, ஆனா டவர் கணக்கு அதுலயும் உண்டு. அதனால டிரைவரை பாக்கப் போறவரு எந்த போனா இருந்தாலும் வீட்டுலயே வச்சிட்டுப் போறது நல்லது. "பட்டன் போனுதான, இதுல பேசுனா தெரியாது"ன்னு டிரைவருக்கு அடிச்சிராதீங்க.

ஆனா தூக்கிப் போட்டுறாதீங்க. 2018 மே மாசம் தூத்துக்குடியில துப்பாக்கிச்சூடு நடந்ததும் தூத்துக்குடி, நெல்லை, கன்னியாகுமரி மூணு மாவட்டத்துலயும் நெட்டை நிப்பாட்டுனாவல்லா, வாட்ஸ்அப்பும் இல்ல, சிக்னலும் இல்ல. அன்னைக்கு ஒங்க பட்டன் போனுதான் பேசும். பத்து பேரு நம்பரை, அதுல வக்கீலு நம்பரும் சேத்து, பேப்பர்ல எழுதி சட்டைப் பையில வச்சிக்கிடுங்க. யாரு யாருக்கு சொல்லணும்ங்கதையும் இப்பவே பேசி வைங்க, ஒருத்தரு மூணு பேருக்குன்னு. தம்பி, வேன்காரரு நம்பரை அதுல எழுதாத. வேற வேனு பாரு, அதுவும் வெளியூரு வேனா.